கடுகளவு இடத்தில் எத்தனை நரம்பு?

தாத்தாவின் கண்ணில் நெல் சுணை எப்போது விழுந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தாத்தாவுக்கே தெரியாது. இந்தக் கட்டுரைக்குக் காரணமே அதுதான்!

2024 தை மாசம். பொங்கல் லீவுக்கு ஹாஸ்டலில் இருந்து சேத்தியாத்தோப்புக்குப் போயிருந்தேன். (அது எங்கே இருக்கு என்று கேட்கும் மக்களுக்கு... கிழக்கே போனால் சிதம்பரம், மேற்கே விருத்தாசலம், வடக்கே நெய்வேலி, தெற்கே கும்பகோணம். நாலு பெரிய ஊருக்கு நடுவில் குறுக்கு ரோட்டில் நிற்கிறோமே, அதுதான் எங்க ஊர். வெள்ளாற்று அணைக்கட்டும் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலையும் எங்கள் அடையாளங்கள்.) சம்பா அறுவடை நேரம். களத்துமேட்டில் தாத்தா. பக்கத்தில் போய்ப் பார்த்தால் இடது கண் செக்கச்செவேல் என்று இருக்கிறது. கருவிழி நடுவில் பொட்டு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒன்று.

"என்ன தாத்தா கண்ணு இப்படி செவந்து கெடக்கு?"

"செவந்திருக்கா? எனக்கு ஒண்ணும் தெரியலியேடா. கொஞ்சம் மங்கலா தெரியுது, அவ்ளோதான். வலியே இல்ல."

நமக்கெல்லாம் கண்ணில் ஒரு தூசி விழுந்தாலே ஊரைக் கூட்டிவிடுவோம். பைக்கில் போகும்போது ஒரு குட்டிப் பூச்சி அடித்தால் வண்டியை ஓரம் கட்டி அழுகிறோம். இவருக்கு கருவிழியில் புண்ணே வந்துவிட்டது, வலி மட்டும் இல்லை! ஆயா வேறு, "ரெண்டு நாளா வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று பெருமையாகச் சொன்னது. மறு பேச்சு இல்லாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

அங்கே டாக்டர் பெரிய மெஷின் எதையும் முதலில் தொடவில்லை. கொஞ்சம் பஞ்சை எடுத்து நுனியை மெல்லிய திரியாக இழுத்தார். வலது கண்ணின் ஓரத்தில் இருந்து கொண்டுவந்து கருவிழியில் லேசாகத் தொட்டார். தாத்தா சிமிட்டினார். அடுத்து இடது கண். தொட்டார்... தாத்தா தேமே என்று உட்கார்ந்திருந்தார். "எத்தனை வருஷமா சுகர்?" என்பதுதான் டாக்டரின் அடுத்த கேள்வி. இருபத்திரண்டு வருஷம். கரும்பு போட்டு ஆலையின் கட்டிங் ஆர்டருக்குக் காத்துக் கிடந்தே காலத்தை ஓட்டிய மனிதருக்கு சர்க்கரை வியாதி. இந்த ஜோக்கை அவரே நூறு முறை சொல்லியிருக்கிறார்.

"சுகர்னால கண்ணுல நரம்பு கொறைஞ்சிருக்கலாம். அதான் உறுத்தல் தெரியல" என்றார் டாக்டர்.

நரம்பு குறைந்திருக்கிறது என்றால் எண்ண முடியும் என்று அர்த்தம். அப்படியானால் எத்தனை இருக்க வேண்டும்? யார் எண்ணினார்கள்? எதை வைத்து? எஞ்சினீயரிங் படிக்கிற மண்டையில் இப்படி ஒரு கேள்வி விழுந்தால் சும்மா விடுமா?

கண்ணாடிக்குள் கரண்ட் வயர்

கருவிழி என்று நாம் சொல்வது கண்ணின் முன்பக்கம், வாட்ச் கண்ணாடி மாதிரி மூடியிருக்கும் தெளிவான தோல். கண் தானத்தில் எடுப்பார்களே, அதேதான். கனம் அரை மில்லிமீட்டர், அகலம் பதினொன்று பன்னிரண்டு மில்லிமீட்டர். ரத்தக் குழாய் கிடையாது. ஆனால் உடம்பிலேயே நரம்பு முனைகள் அதிக நெருக்கமாக இருக்கிற இடங்களில் இதற்குத்தான் முதல் இடம். தோலைவிடப் பல நூறு மடங்கு நெருக்கம் என்கிறார்கள்.

முகத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் ஐந்தாம் கபால நரம்பின் கிளைகள் ஓரத்தில் இருந்து கருவிழிக்குள் நுழைகின்றன. நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே மேலே சுற்றியிருக்கும் கொழுப்பு உறையைக் கழற்றிவிட்டு வெறும் வயராகத்தான் உள்ளே போகும். இல்லையென்றால் கண்ணாடி கலங்கிப்போய் நமக்குப் பார்வையே தெரியாது! அப்புறம் மேல் தோலுக்குச் சற்றுக் கீழே, எல்லாம் ஒரே தளத்தில் பக்கத்துப் பக்கத்தில் படுத்து ஓடுகின்றன. நடு மையத்துக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் சுழி போட்டுக்கொள்ளும், நம் தலையில் இருக்கிற சுழி மாதிரியே.

இவை வலியை மட்டும் சொல்லும் வயர் இல்லை பாஸ். இமை கொட்டுவது, கண்ணீர் சுரப்பது, கீறல் ஆறுவது எல்லாமே இந்த நரம்புகளின் தயவில்தான் நடக்கிறது. நரம்பு செத்தால் புண் வந்தாலும் தெரியாது, வந்த புண் சீக்கிரம் ஆறவும் ஆறாது. தாத்தாவுக்கு ரெண்டும் நடந்தது.

இதை முதலில் பார்த்தவர்கள் செத்தவர்களின் கண்ணில்தான் பார்த்தார்கள். 1860-களில் ஜெர்மனியில் கோன்ஹைம் என்பவர் தங்க உப்பில் கருவிழியை ஊறவைத்து நரம்புக்குச் சாயம் ஏற்றினார். தங்கம்! பிற்பாடு எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்தது. நரம்புக்குள் இருக்கும் நாரைக்கூட அது காட்டும். ஆனால் இறந்த சில மணி நேரத்திலேயே இந்த நரம்புகள் சிதைய ஆரம்பித்துவிடும். தவிர, உயிரோடு இருக்கும் எங்க தாத்தாவின் கண்ணை வெட்டி சாயத்தில் போட முடியுமா?

ஆஸ்பத்திரியில் தாடையை வைத்துக் குனிந்து பார்க்கச் சொல்வார்களே, அந்த ஸ்லிட் லேம்ப்பிலும் இது தெரியாது. ஓரத்தில் தடித்த நரம்பு ரெண்டு மங்கலாகத் தெரியலாம், அவ்வளவே. நாம் தேடுவது சில மைக்ரான் கனமே உள்ள இழை. தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு கூட வராது.

மூளையைப் பார்க்கக் கிளம்பியவர்

இங்கேதான் நம்ம கம்ப்யூட்டர் சயன்ஸ் மக்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம். ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸின் தந்தைகளில் ஒருவரான மார்வின் மின்ஸ்கியை பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் இளைஞராக இருந்தபோது மூளையின் நரம்பு வலைப்பின்னலை உயிரோடு இருக்கிறபடியே பார்க்க ஆசைப்பட்டார். சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மேலே கீழே இருக்கும் எல்லா அடுக்கில் இருந்தும் வெளிச்சம் திரும்பி வந்து படம் கலங்கிவிடுகிறது. அவர் கண்டுபிடித்த வழி ரொம்ப சிம்பிள். ஒரே ஒரு புள்ளியில் மட்டும் வெளிச்சத்தைக் குவி. திரும்பி வரும் வெளிச்சத்தை ஒரு ஊசித் துளை வழியாக மட்டும் உள்ளே விடு. அந்தப் புள்ளியில் இருந்து வந்தது துளைக்குள் நுழையும், மேலே கீழே இருந்து வந்தது துளையின் சுவரில் முட்டி நின்றுவிடும். இப்படிப் புள்ளி புள்ளியாக நகர்ந்து படத்தைக் கட்டு. இதுதான் கன்ஃபோகல் மைக்ராஸ்கோப். 1957-ல் பேடன்ட்டுக்கு விண்ணப்பித்தார், 1961-ல் கிடைத்தது. வெட்டாமலே கருவிழியை ஏடு ஏடாக எடுத்துப் பார்ப்பது இந்த வித்தையால்தான்.

ஆனால் புள்ளியை எப்படி நகர்த்துவது என்பதில் மூன்று ஜாதி மெஷின்கள் வந்துவிட்டன. சிக்கலும் அங்கே ஆரம்பம்.

முதலாவது, சுற்றும் தட்டு. ஆயிரக்கணக்கான துளைகள் போட்ட தட்டு ஒன்று வேகமாகச் சுற்றும். 1884-ல் நிப்கோ என்பவர் டி.வி.க்காக யோசித்த தட்டு அது. செக்கோஸ்லோவாக்கியாவின் பெட்ரானும் ஹட்ராவ்ஸ்கியும் 1960-களில் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். ஏடு மெலிதாக வரும். ஆனால் வெளிச்சத்தில் பெரும்பகுதி தட்டிலேயே வீணாகிவிடுவதால் படம் மங்கல். மெல்லிய நரம்பு இருட்டில் கரைந்துவிடும்.

ரெண்டாவது, துளைக்குப் பதில் நீளமான கீற்று. ஒரு கோடாக வெளிச்சம் போய் வரும். நைடெக் கம்பெனியின் கன்ஃபோஸ்கேன் இந்த ரகம். லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் ஜெல் இருக்கும், நேராகத் தொடாது. வெளிச்சம் பரவாயில்லை, ஆனால் ஏடு தடிமன். பக்கத்து அடுக்கின் மூட்டமும் படத்தில் கலந்து வரும்.

மூணாவது லேசர். ஜெர்மனியின் ரோஸ்டாக்கில், க்ளாகோமா பார்க்கத் தயாரித்த ஹைடல்பெர்க் மெஷினின் மூக்கில் ஒரு புது லென்ஸை மாட்டி அதைக் கருவிழி பார்க்கிற மெஷினாக மாற்றிவிட்டார்கள். (இதைத்தானே நாம் ஹாஸ்டலில் அயர்ன் பாக்ஸைக் கவிழ்த்து தோசை சுட்டுச் செய்கிறோம்!) 670 நேனோமீட்டர் சிவப்பு லேசர். கண்ணை மரக்கவைத்து, மெல்லிய பிளாஸ்டிக் மூடியை கருவிழியில் தொட்டபடி வைத்துப் படம் எடுப்பார்கள். கறுப்புத் திரையில் வெள்ளை நூல் மாதிரி நரம்பு பளிச்சென்று வரும்.

விருத்தாசலம் கப்பும் இங்க் பாட்டிலும்

மூணும் ஒரே கண்ணைப் பார்த்தால் ஒரே எண்ணிக்கைதானே வர வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்தேன். விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ முடித்து அங்கேயே ஒரு யூனிட்டில் வேலை பார்க்கும் என் ஸ்கூல் ஃப்ரெண்டுதான் புரிய வைத்தான். அவனுக்கு கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது, கப்பைப் பற்றி எல்லாம் தெரியும்.

பளபளவென்று ஒரு வெள்ளை கப்பை நீட்டினான். "இதுல எத்தனை கோடு தெரியுது சொல்லு மச்சான்."

ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மூணு" என்றேன். சூளையில் இருந்து வெளியே வந்து ஆறும்போது மண்ணும் மேலே பூசிய க்ளேஸும் வேற வேற அளவில் சுருங்கினால் க்ளேஸில் மயிரிழை மாதிரி வெடிப்பு விழும். அதற்கு கிரேஸிங் என்று பெயர். அடுத்து அவன் பேனா இங்கைத் தேய்த்துத் துணியால் துடைத்தான். இப்போது பதினொன்று! பிறகு பூதக்கண்ணாடி கொடுத்தான். இருபது வரை எண்ணிவிட்டு நானே கையெடுத்துக் கும்பிட்டேன்.

கப் ஒன்றுதான். அது வெடித்ததும் ஒரே தடவைதான். பார்த்த விதம் மாற மாற நம்பர் மாறிவிட்டது.

கருவிழியிலும் அச்சு அசல் இதே கதை. நரம்பின் அடர்த்தியை ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை மில்லிமீட்டர் நீளத்துக்கு நரம்பு ஓடுகிறது என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரு சின்னக் கடுகு உட்காரும் இடத்துக்குள் இருக்கும் எல்லா நூலையும் பிரித்து நேராக நீட்டி அளந்தால் எவ்வளவு வரும் என்பதுதான் கேள்வி. 2001-ல் கீற்று ரக மெஷினால் ஆரோக்கியமான கண்களைப் பார்த்தவர்களுக்கு வந்த விடை சுமார் 11 மில்லிமீட்டர். 2005-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லேசர் மெஷினால் பார்த்த பட்டேலுக்கும் மெக்கீக்கும் வந்தது 20-க்கு மேல். சுற்றும் தட்டு ரகத்தில் வந்த கணக்குகள் ரெண்டையும்விடக் குறைவு. தானமாக வந்த கருவிழிகளுக்கு நரம்புச் சாயம் ஏற்றி லேபில் எண்ணியவர்களுக்கோ லேசரையும் மிஞ்சி, ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு!

இதில் எது சரி? என் கட்சி: எதுவும் தப்பில்லை, ஆனால் எந்த மெஷின் என்று சொல்லாத நம்பருக்கு மதிப்பே கிடையாது. ஒரு சுகர் பேஷன்ட்டுக்கு இந்த வருஷம் கீற்று மெஷினில் 11 வந்து, அடுத்த வருஷம் வேறு ஊரில் லேசரில் 15 வந்தால், 'ஆஹா, நரம்பு வளர்ந்துடுச்சு' என்று வீட்டில் பாயசம் வைப்பார்கள். உண்மையில் அவருக்கு குறைந்திருக்கும்!

ஒரே மெஷினிலும் குஸ்தி

சரி, எல்லாரும் லேசர் மெஷினே வாங்கிவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. அது எடுக்கும் ஒரு படம் 400 மைக்ரானுக்கு 400 மைக்ரான். அதாவது 0.16 சதுர மில்லிமீட்டர். மொத்தக் கருவிழியில் கிட்டத்தட்ட எழுநூறில் ஒரு பங்கு. வீராணம் ஏரியில் ஒரு மூலையில் வலை வீசிவிட்டு ஏரி முழுக்க எவ்வளவு மீன் என்று சொல்வது போல. அதுவும் நாம் எங்கே வீசுவோம்? மீன் துள்ளுகிற இடமாகப் பார்த்துத்தானே? படம் எடுக்கிறவரும் நரம்பு அழகாகத் தெரிகிற ஃப்ரேமைத்தான் ஆசையாகத் தேர்ந்தெடுப்பார். நூற்றுக்கணக்கான படங்களை ஒட்டுப்போட்டுப் பெரிய வரைபடமாக்கி எண்ணியவர்களுக்கு, ஒற்றைப் படத்தில் வந்ததைவிட அடர்த்தி குறைவாகவே வந்தது. சுழி இருக்கும் இடத்தில் எடுத்தால் இன்னும் அதிகம் வரும். எந்த இடம், எத்தனை படம், யார் தேர்ந்தெடுத்தது, எல்லாமே கணக்கில் சேர்த்தி.

அப்புறம் எண்ணும் வேலை. கையால் மவுஸைப் பிடித்து ஒவ்வொரு இழை மேலும் கோடு போட வேண்டும். ஒரே படத்தை ரெண்டு பேரிடம் கொடுத்தால் ரெண்டு விடை வரும். மான்செஸ்டர் பல்கலைக்கழகக்காரர்கள் இதற்கென்றே தானியங்கி சாஃப்ட்வேர் எழுதினார்கள். உள்ளே இருப்பது நம்ம டிபார்ட்மென்டில் கைரேகை ப்ராஜெக்ட் பண்ணும் சீனியர்கள் உபயோகிக்கும் அதே காபர் ஃபில்டர் குடும்பம்தான். மெஷின் களைப்படையாது, இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று சொல்லாது. ஆனால் ரொம்ப மெல்லிய கிளைகளை விட்டுவிடுவதால் கையால் எண்ணியதைவிடக் குறைத்துத்தான் காட்டும். இப்போது டீப் லேர்னிங்கும் இறங்கிவிட்டது. மூளை நரம்பைப் பார்க்க மின்ஸ்கி செய்த மைக்ராஸ்கோப் எடுத்த படத்தில், மின்ஸ்கி வளர்த்த ஏ.ஐ. நரம்பு எண்ணுகிறது. 2016-ல் மறைந்துவிட்டார் மனுஷன்.

இத்தனை குஸ்தி எதற்கு? சர்க்கரை வியாதியால் கால் மரத்துப்போவதை ஆரம்பத்திலேயே துல்லியமாகப் பார்க்க வேண்டுமானால் காலில் இருந்து துளித் தோலைக் குத்தி எடுத்து நரம்பை எண்ண வேண்டும். அதற்குப் பதில் கருவிழியைப் பார்த்தாலே போதுமா என்று 2003-ல் மான்செஸ்டரில் ரயாஸ் மாலிக் குழுவினர் ஆராய்ந்தார்கள். நரம்புப் பாதிப்பு கூடக் கூட கருவிழி நரம்பும் குறைந்துகொண்டே போனது. 2007-ல் அதே ஊரில், கணைய மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு ஆறே மாதத்தில் கருவிழி நரம்பு மீண்டும் வளர்ந்ததையும் பார்த்தார்கள். 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு சர்க்கரை என்கிறது. தமிழ்நாட்டில் 14.4 சதவிகிதம். காலை வெட்டுவதற்கு முன்னால் கண்ணைப் பார்த்து எச்சரிக்க முடிந்தால் சும்மாவா?

நம் வயசுக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு. கல்யாணத்துக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்ற லேசிக் செய்துகொள்ளும் அண்ணன்கள், அக்காக்கள்... கருவிழியில் மடல் மாதிரி வெட்டித் திறக்கும்போது இந்த நரம்புகளும் வெட்டுப்படும். அந்த இடத்தில் நரம்பு அடர்த்தி முதலில் 90 சதவிகிதம் வரை விழுந்துவிட்டு, பழைய நிலைக்குப் பக்கத்தில் வரவே சில வருஷங்கள் ஆகும். கண் காய்ந்துபோகிறது என்று சொட்டு மருந்தும் கையுமாக அலைவதற்கு இது முக்கியக் காரணம். பயப்படுத்தவில்லை, செய்துகொள்ளும் முன் டாக்டரிடம் கேளுங்கள் என்கிறேன்.

நரம்பா, காளானா?

தாத்தா விஷயத்துக்கு வருவோம். புண்ணைச் சுரண்டி எடுத்துச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் பூஞ்சை இழை தெரிந்தது. அறுவடைக் காலத்தில் இது எங்கள் பக்கம் புதுசு இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்து 1997-ல் வெளியான அறிக்கையில் மூன்றில் இரண்டு பேருக்கு முதலில் கண்ணில் ஏதோ அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்த கண்களில் கிட்டத்தட்ட பாதிக்கு பாதி பூஞ்சைதான். நெல், கரும்புத் தோகை, வைக்கோல்... வயல்தான் வழி.

அரவிந்தில் 2012-13-ல் கடுமையான புண் வந்த 239 பேரை லேசர் கன்ஃபோகலில் பார்த்தார்கள். சுரண்டாமலே, நூற்றுக்கு 86 பூஞ்சைப் புண்ணை அது அடையாளம் காட்டியது. ஆனால் பாருங்கள், பூஞ்சையும் வெள்ளைக் கோடு, நரம்பும் வெள்ளைக் கோடு! பார்த்துப் பழகிய கண் வேண்டும். ஃபுசேரியம் 90 டிகிரியில் கிளை பிரியும், ஆஸ்பெர்ஜில்லஸ் 45 டிகிரியில் பிரியும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதை நம்பாமல் ஆங்கிளை அளந்து பார்த்ததில் இரண்டுமே 60 டிகிரியை ஒட்டித்தான் வந்தன. 2017-ல் வெளியிட்டார்கள். எனக்கு இந்த ஆய்வுதான் ரொம்பப் பிடித்தது. புத்தகத்தில் இருப்பதையே ஒரு ப்ரொட்ராக்டரை எடுத்து அளந்து பார்க்கிற குணம் நம் லேப் ரெக்கார்டில் எத்தனை பேருக்கு இருக்கிறது? (எனக்கு இல்லை. ரீடிங் எல்லாம் சீனியர் நோட்டில் இருந்துதான்.)

தாத்தாவுக்கு நேட்டமைசின் சொட்டு மருந்து. முதலில் மணிக்கு ஒருமுறை, ராத்திரியும் எழுப்பி எழுப்பி. ஆயா, அம்மா, நான் என்று ஷிஃப்ட் போட்டோம். விளக்கெண்ணெய் பாட்டிலை அம்மா தூக்கி எறிந்துவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் 'கண் சிவப்புக்கு' என்று கேட்டு வாங்கும் சொட்டில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சைக்குப் பந்தி வைத்த மாதிரி ஆகிவிடும் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆறுவதற்கு மூன்று மாசத்துக்கு மேல் ஆனது. நரம்பு இருக்கிற கண்ணாக இருந்தால் இன்னும் சீக்கிரம் ஆறியிருக்குமாம். நடுவில் ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணால் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது.

"அந்த லேசர்ல வச்சு நரம்பை எண்ணலாமா டாக்டர்?" என்று ஒரு செக்கப்பில் கேட்டேன். சிரித்தார். அந்த மெஷின் பெரிய ஆஸ்பத்திரிகள் சிலவற்றில்தான் இருக்கிறது, எண்ணினாலும் தாத்தாவுக்குக் கொடுக்கும் மருந்து மாறப் போவதில்லை என்றார். நியாயம்தான். இப்போதைக்கு இந்த எண்ணிக்கை பெரும்பாலும் ஆராய்ச்சிக்காரர்கள் கையில்தான் இருக்கிறது. எங்க ஊர் தாத்தாக்களுக்குப் பஞ்சுத் திரிதான் மைக்ராஸ்கோப்.

ஊருக்கு வந்ததும் தாத்தாவிடம் எல்லாவற்றையும் லேப்டாப்பில் படம் காட்டி விளக்கினேன். கறுப்புத் திரையில் ஓடும் வெள்ளை நூல்களை நல்ல கண்ணால் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நாத்து நட்ட மாதிரி இருக்கேடா. என்னோடது எவ்ளோ இருக்கும்?"

"எண்ணலியே தாத்தா."

"பொக்கை போயிருக்கும்" என்றார்.

2025 தை அறுவடைக்கு அவரைக் களத்துமேட்டுப் பக்கமே விடக் கூடாது என்று ஆயா உத்தரவு. கேட்டால்தானே? கடைசியில் எங்க காலேஜ் வொர்க்‌ஷாப்பில் வெல்டிங் பக்கம் நிற்கும்போது போடும் வெள்ளைக் கண்ணாடி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அதை மாட்டிக்கொண்டுதான் நின்றார், தலையில் துண்டோடு. அடுத்த செக்கப்பில் டாக்டர் மறுபடி பஞ்சை இழுத்தார். வலது கண், சிமிட்டல். இடது கண்ணில் தழும்புக்கு ஓரமாகத் தொட்டார். ரொம்ப லேசாக, பாதி இமை மட்டும் அசைந்தது.

"தெரிஞ்சுதா?" என்றார் டாக்டர்.

"காத்தடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றார் தாத்தா.